கொடியில் காய்ந்த அளவு

முனீஸ்வரியைத் திமிர் பிடித்தவள் என்று வில்லாபுரத்தில் அந்தத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. யார் துணி கொண்டுவந்தாலும் பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அளவு ஜாக்கெட் இருக்கா?" என்று மட்டும்தான் கேட்பாள். இருந்தால் வாங்கிக்கொள்வாள். இல்லையென்றால், "எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். டேப்பை எடுத்து ஆளை அளக்கிற பேச்சே கிடையாது.

"பெரிய டெய்லரு. கையால ஆளத் தொடமாட்டாகளாம்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. அவளுக்கு ஒரு பக்கம் வருத்தமாகவும் மறுபக்கம் நிம்மதியாகவும் இருந்தது. திமிர் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மை தெரிந்தால் அல்லவா சிரிப்பார்கள்? இன்னொருத்தியின் முதுகைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அளவு பார்ப்பதை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். மிஷின் வாங்கியபோது சும்மா கொடுத்த மஞ்சள் டேப் மூன்று வருடமாகத் துணியை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தது.

கூச்சம் அவளுக்குப் பிறவிச் சொத்து. ஏழாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். குரல் எழவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. நாலு நாள் வயிற்றுவலிக்குள் வீட்டில் அவளுக்கு நாலு வேலை கிடைத்துவிட்டது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று மற்றவர்கள் போலச் சொல்லி அழவும் அவளால் முடியாது. நிறுத்தியது அவளுடைய வயிறுதான்.

வாய்க்குப் பதிலாகக் கண் வேலை செய்தது. பஸ்ஸில், மண்டபத்தில், ரேஷன் கடை வரிசையில், அவள் பார்ப்பதெல்லாம் முதுகுகளைத்தான். யாருக்குக் கை இறுக்குகிறது, யாருக்குத் தோள் நழுவுகிறது, யார் கிழிசலை மறைக்க முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். முகம் மறந்துவிடும், முதுகு மறக்காது. ஒருமுறை கல்யாண வீட்டில் சொந்தச் சித்தியைப் பின்பக்கமிருந்து கண்டுபிடித்துவிட்டு, முன்பக்கம் வந்ததும் யார் என்று தெரியாமல் விழித்தாள்.

தைக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது முதலில் வாங்கியது சித்திரைப் பொருட்காட்சியில் விற்ற கைமிஷின். பேப்பர் குத்துகிற ஸ்டேப்ளர் அளவுக்கு இருந்தது. விற்றவன் ஒரு துண்டுத் துணியில் டக்டக்கென்று அடித்துக் காட்டினான். கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே வாங்கி வந்துவிட்டாள். புருஷன் அருள்பாண்டியின் லுங்கியை மூட்டித் தைத்து, மடித்து, பெருமையாகக் கொடுத்தாள். அவன் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பிடித்து இழுத்திருக்கிறான். மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் பிரிந்து கையோடு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் சாக்கு கொடுத்து அனுப்பிவைத்தார்.

"தச்சது நீ. மானம் போனது எனக்கு" என்றான். நல்ல மனிதன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பாரத்தைப் பற்றித் தெரிந்தவன்.

இரண்டாவது, அவனியாபுரம் போகிற ரோட்டில் இம்மானுவேல் கடையில் வாங்கிய பழைய கால்மிஷின். கடையில் நாற்பது டிசைன் போடுகிற வெள்ளை மிஷின் ஒன்று பளபளவென்று இருந்தது. அவள் கண் அதில்தான் நின்றது. இம்மானுவேலே சொன்னார்: "தங்கச்சி, அதுல நாப்பது டிசைன் இருக்கு. நீங்க போடப் போறது ஒரே நேர்த்தையல். மிச்சம் முப்பத்தொம்பதுக்கும் எதுக்குக் காசு குடுக்குறீக? இந்தக் கருப்ப எடுத்துக்கங்க. கரண்டு வேணாம், எண்ணெ விட்டா ஓடும்." பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காந்து ஓட்டிப் பாருங்க" என்றார். கடையில் நாலு ஆம்பளைகள் நின்றார்கள். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டாள்.

வீட்டில் வந்து ஓட்டினால் நூல் அறுந்தது. கோத்தால் மறுபடி அறுந்தது. பத்து நாள் கோத்ததில் ஊசிக் காது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பதினோராம் நாள் அருள்பாண்டி மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சண்டைக்கு நின்றான். அவள் பின்னால் ஒளிந்து நின்றாள். இம்மானுவேல் உட்கார்ந்து மிதித்தார். தண்ணீர் போல ஓடியது. அவளை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மிஷினு நல்லாத்தான் இருக்கு. தங்கச்சிதான் ரிவர்ஸ்ல போகுது" என்றார். சக்கரம் முன்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சம்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டாள். தினத்தாளை ஜாக்கெட் மாதிரி வெட்டி வெட்டி, கை எது, கழுத்து எது என்று பழகினாள். தனக்குத் தைப்பதற்கு லைனிங் துணி வாங்கினதே இல்லை, அருள்பாண்டியின் பழைய வேட்டிதான். கரை போட்ட வேட்டியாக இருந்தால் கட்சிக்கரையும் உள்ளே போய்விடும். எந்தக் கட்சி என்பது அவள் முதுகுக்கு மட்டும் தெரியும். அளவு ஜாக்கெட் ஒன்று கையில் இருந்தால் அதை அச்சு அசலாக அவளால் தைத்துவிட முடிந்தது. அந்த அளவுக்கு ஒரு தையல்காரி ஆனாள்.

அப்படி இருக்கும்போதுதான் மதினி கனகலட்சுமி துணியோடு வந்தாள்.

கனகலட்சுமி அருள்பாண்டியின் அக்கா. வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்து வயது மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் அருள்பாண்டியுடையது. அக்காவுக்கு அவன் எடுத்த பட்டுச்சேலை, அரக்குக்கு மயில்கழுத்துப் பச்சை பார்டர். ஜாக்கெட் துணி சேலையோடு சேர்ந்தே வந்தது. ஒரே துண்டு. அது கெட்டால் அதே நிறத்தில் வேறு துணி எந்தக் கடையிலும் கிடையாது.

"தம்பி பொண்டாட்டி தைக்கிறவளா இருக்கும்போது நான் எதுக்கு வெளிய குடுக்கணும்?" என்று சொல்லி, அந்தத் துண்டையும் ஓர் அளவு ஜாக்கெட்டையும் கட்டிலில் வைத்தாள். "இந்தா, அளவு. இது எனக்கு அம்சமா இருக்கும். பாத்துத் தையி முனீசு. மேடையில மொத்தச் சனமும் என்னியத்தான் பாக்கும். ஏடாகூடமாப் போச்சுன்னா எந் தம்பி சீரே கேலிக்கூத்தாப் போயிரும்."

முனீஸ்வரி அளவு ஜாக்கெட்டைப் பார்த்தாள். நீலப் பட்டு, புதுசு மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. பிறகு மதினியைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த நீலம் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மதினி போட்டிருந்தது. அந்த முதுகை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது இந்த மகன் பிறக்கவே இல்லை. அவன் பிறந்து, மருந்துக்குழம்பும் நெய்யும் சாப்பிட்டு, மதினி ஒரு சுற்று கூடிவிட்டாள். நாலு விரல் கடை கூடியிருக்கும் என்று கண் சொன்னது.

பெண்கள் அளவுக்குக் கொடுப்பது தங்களுக்குச் சேருகிற ஜாக்கெட்டை அல்ல, சேர வேண்டும் என்று ஆசைப்படுகிற ஜாக்கெட்டை. மூன்று வருடத்தில் அவள் கண்டுபிடித்த தொழில் ரகசியம் அது ஒன்றுதான். தெருப் பெண்களுக்கென்றால் உள்ளே கூடக் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பாள். இறுக்கினால் பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று. ஆனால் இந்தத் துண்டு அளவாக இருந்தது. கூட விட்டால் கையில் குறையும். எம்புட்டு கூட விடலாம் என்று சரியாகத் தெரிந்தால்தான் வெட்ட முடியும்.

"மதினி, எதுக்கும் ஒருக்கா டேப்பு வச்சுப் பாத்துக்கிருவமா?" இதைச் சொல்ல வேண்டும். மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது வந்தது, "காப்பி சாப்பிடுறீகளா மதினி?" என்பதுதான்.

மதினி காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் அந்தப் பட்டை வெட்டவில்லை. கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது. அவளுக்கு வருகிற யோசனைகள் எல்லாம் யாரிடமும் பேசாமல் காரியத்தை முடிப்பதற்கான யோசனைகள்தான். மதினி அன்றாடம் போடுகிற ஜாக்கெட் கொடியில் காயும் அல்லவா? அதை அளந்துவிட்டால் தீர்ந்தது.

"மதினி சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கணும், அவுக வீட்டுக்குப் போயி வாங்கிட்டு வாரேன்" என்று அருள்பாண்டியிடம் சொன்னாள்.

"நீ தனியாவா?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். "வாடிப்பட்டிக்கா?"

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உட்காரும் வரை அவளுக்கே நம்பிக்கை இல்லை. டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள். திருடப் போகிறவளுக்குக் கூட இம்புட்டு நெஞ்சு அடிக்காது.

அதிர்ஷ்டம், மதினி பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவளுடைய மாமியார் மாயக்காள் மட்டும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தது. "வாத்தா முனீசு. சேலை பீரோவுல இருக்கு, சாவி அவ கொண்டு போயிட்டா. இரு, வந்துருவா" என்றது.

முனீஸ்வரி கை கழுவப் போகிறவள் போலக் கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் வரிசையாகத் துணி. நடுவில் ஒரு கிளிப்பச்சை ஜாக்கெட். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. போன மாதம் வில்லாபுரத்துக்கு வந்தபோது மதினி போட்டிருந்தது இதே கிளிப்பச்சைதான். சந்தேகமே இல்லை. டேப்பை உருவி, சுற்றும்முற்றும் பார்த்து, மார்பு, இடுப்பு, தோள், கை எல்லாவற்றையும் அளந்தாள். நீல ஜாக்கெட்டைவிட எட்டு விரல் கடை கூட இருந்தது.

எட்டா? நாலு என்றல்லவா கண் சொன்னது? ஒரு நிமிடம் யோசித்தாள். மதினி சேலையை இழுத்துப் போர்த்துகிறவள், அதனால் தெரியாமல் இருந்திருக்கும். கண் பொய் சொல்லலாம், டேப் சொல்லுமா?

"கொடியில என்னத்தா பண்ற?" வாசற்படியில் மாயக்காள் நின்றது.

"காஞ்சிருச்சான்னு பாத்தேன் பெரியம்மா."

"காஞ்சா எடுத்து மடிச்சு வையி."

அந்த வீட்டுத் துணி மொத்தத்தையும் மடித்து வைத்துவிட்டு வந்தாள். மதினி வந்து சேலையைக் கொடுத்து, "ஜாக்கெட்டு ஆச்சா?" என்று கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாளே வெட்டினாள். கொடி சொன்ன எட்டு விரல், அதற்குமேல் பயத்துக்கு ஒரு விரல். கை குறைந்ததற்கு உள்ளே மறைவாக ஒட்டுக் கொடுத்துச் சமாளித்தாள். முதல்முறையாகக் கடையில் லைனிங் துணி வாங்கினாள். தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

காதுகுத்துக்கு முதல் நாள் காலையில் கனகலட்சுமி வந்தாள். டவுனில் பூ சொல்லிவிட்டு அப்படியே ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போக வந்தவள். "போட்டுப் பாத்துட்டே போறேன்" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

முனீஸ்வரி சமையலறைச் சுவரோடு சுவராக நின்றாள்.

"ஏ முனீசு. இங்க வா."

போனாள். மதினி கண்ணாடி முன்னால் நின்றாள். ஜாக்கெட் தோளிலிருந்து சரிந்து தொங்கியது. மதினி முன்பக்கத்தைக் கையால் பிடித்து இழுத்துக் காட்டினாள். ஒரு பிடி துணி கைக்கு வந்தது.

"இது யாருக்குத் தச்சது? எனக்கா, எங்க வீட்டு எருமைக்கா?"

"மதினி..."

"எந் தம்பி எடுத்துக் குடுத்த பட்டு! நாளைக்கு இதப் போட்டுக்கிட்டு மேடையில நின்னா, இரவல் வாங்கிப் போட்டிருக்கான்னுல பேசுவாளுக? நான் குடுத்த அளவு எங்க, நீ தச்ச அளவு எங்க? நான் இம்புட்டுப் பெருசாவாடி உங் கண்ணுக்குத் தெரியிறேன்?"

கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி. மதினியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தை முனீஸ்வரி தாங்கிவிடுவாள், அதற்குப் பழக்கம் உண்டு. மதினி அழுது அவள் பார்த்ததில்லை. அந்தத் திகிலில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கண்ணுக்கு நாலு விரல்தான் தெரிஞ்சது மதினி. கொடியில எட்டு இருந்துச்சு."

"எந்தக் கொடியில?"

சொன்னாள். பஸ் ஏறியது, டேப்பை இடுப்பில் செருகியது, கிளிப்பச்சையை அளந்தது, துணி மடித்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கனகலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டாள். "கிளிப்பச்சையா?"

"ஆமா மதினி. நீங்க அன்னைக்குப் போட்டுக்கிட்டு வந்தீகள்ல."

"அடியே, அது எங்க மாமியாளுது! தீவாளிக்கு அந்த மனுசன் காசு மிச்சம்னு ஒரே துணியா எடுத்துட்டு வந்து, ஆத்தாளுக்கும் எனக்கும் ரெண்டாக் கிழிச்சுக் குடுத்தாரு!"

துணி மிச்சம் பிடிப்பதைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் முனீஸ்வரி. ஒரு வீட்டில் ஒரே துணியில் இரண்டு ஜாக்கெட் இருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. அரக்குப் பட்டில் மாயக்காளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறாள், அதுவும் கூட ஒரு விரல் தாராளமாக.

கனகலட்சுமிக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு. "எங்க மாமியாளுக்குத் தாய்மாமன் சீரு" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்தபின் நிலைமை ஞாபகம் வந்தது. "இப்ப என்னடி பண்றது?"

பெரிதாகப் போனதுதான் நல்லது என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தது. மதினி கொடுத்த நீலத்தின் அளவுக்கு வெட்டியிருந்தால் வழியே இல்லை. பெரிதாக இருப்பதைப் பிடித்துத் தைத்துவிடலாம். ஆனால் தோளையும் பக்கத்தையும் கையையும் எம்புட்டுப் பிடிக்க வேண்டும்? அதற்கு அளவு ஜாக்கெட்டையும் இனி நம்ப முடியாது, கொடியையும் நம்ப முடியாது. ஆள்தான் இருந்தாள்.

சுவரில் தொங்கிய டேப்பை எடுத்தாள். "நில்லுங்க மதினி" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

மதினி நின்றாள். முனீஸ்வரி கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரில் வைத்துக்கொண்டு, டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தாள். மதினியின் கழுத்தில் பவுடரும் வேர்வையும் மணந்தது. டேப் முன்பக்கம் சேர்ந்தது. நீல ஜாக்கெட்டின் அளவே காட்டியது.

அது எப்படி? காலண்டரை விட்டுவிட்டு மதினியைப் பார்த்தாள். மதினி கன்னம் உப்ப, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள். முகம் சிவந்துகொண்டிருந்தது.

"மூச்ச விடுங்க மதினி."

"விட்டுட்டேன்" என்றாள் மதினி, மூச்சு விடாமல்.

"இன்னும் இருக்கு. விடுங்க. நாளைக்கு மகனத் தூக்கணும், பந்தியில ஒக்காரணும். நாள் பூராவும் இப்பிடியே நிக்க முடியுமா?"

கனகலட்சுமி அவளை முறைத்தாள். முனீஸ்வரி டேப்பை விடவில்லை. பயத்தில் கை டேப்போடு ஒட்டிக்கொண்டது என்பதுதான் உண்மை, ஆனால் பார்ப்பதற்கு உறுதி மாதிரி இருந்தது. கடைசியில் பெரிய பெருமூச்சாக வந்தது. டேப் அவள் விரல்களுக்கு நடுவே மெல்ல நழுவி, நழுவி, ஓர் எண்ணில் நின்றது. நாலு விரல் கடை, கண் சொன்ன அதே நாலு.

"எம்புட்டு?" என்று மதினி மேலே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

முனீஸ்வரி டேப்பைச் சுருட்டினாள். ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடச் சொல்லி, குண்டூசியால் பக்கத்தையும் தோளையும் பிடித்துக் குத்தினாள். ஒரு தடவை மதினியைக் குத்திவிட்டாள். "தெரிஞ்சுதான் குத்துறியா?" என்றாள் மதினி. பிறகு கையைப் பிரித்து, தோளைக் குறைத்து, இரண்டு பக்கமும் அடித்து முடிக்கும்போது மத்தியானச் சோற்று நேரம் தாண்டியிருந்தது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து கொக்கியைக் கட்டினாள்.

போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்னால் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். ஃபால்ஸ் அடித்த சேலையோடு அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"தைக்கிறவளுக எல்லாம் நோட்டுல அளவு எழுதி வைப்பாளுகளே. நீ எழுதிட்டியா?"

"இல்ல மதினி. எனக்கு எதுக்கு நோட்டு? ஞாபகத்துல இருக்கு."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னாள். கனகலட்சுமியின் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான், நோட்டென்றால் கிழித்துப் போடலாம், ஞாபகத்தைக் கிழிக்க முடியாது என்று புரிந்தது.

மறுநாள் வாடிப்பட்டி மண்டபத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால், தூணுக்கு மறைவாக, முதுகுகள் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மேடையில் அருள்பாண்டி மடியில் மருமகனை வைத்துக்கொண்டிருந்தான். பையன் வீறிட்டுக் கத்தினான். கனகலட்சுமி குனிந்து, நிமிர்ந்து, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்து ஆட்டினாள். ஒரு கொக்கி கூடத் தெறிக்கவில்லை. மாயக்காள் கிளிப்பச்சையில் கம்பீரமாக நின்றது.

போட்டோவுக்கு ஆள் கூப்பிட்டபோது மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி மதினி கூப்பிட்டாள்: "எங்க எந் தம்பி பொண்டாட்டி? ஏத்தா முனீசு, தூணுக்குப் பின்னாடி என்ன பண்ற? மேல வா!"

இருநூறு முகங்கள் திரும்பின. முனீஸ்வரி கால் எது கை எது என்று தெரியாமல் மேடை ஏறினாள். மதினி அவளை இழுத்துத் தனக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், நிறுத்திக்கொண்டாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே உதடு அசையாமல் கேட்டாள்: "யாருகிட்டயும் சொல்லலல்ல?"

"இல்ல மதினி."

"எந் தம்பிகிட்ட?"

"சொல்லல."

"நீ எங்க சொல்லப் போற? வாயில்லாப் பூச்சி." பிறகு ஒரு நொடி கழித்து, கொஞ்சம் மரியாதையாக, "சாப்பிட்டியா?" என்றாள்.

படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். முனீஸ்வரி மட்டும் மதினியின் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இடது தோளில் இன்னும் ஒரு நூல் அளவு பிடித்துத் தைத்திருக்கலாம்.